கத்தாரில் ஒரு குட்டி சேனல்... உலகச் செய்திக்குள் நுழைந்தது எப்படி?

காஸாவிலிருந்து வரும் வீடியோக்களின் மூலையில் நீர்த்துளி மாதிரி ஒரு தங்க நிற அரபு லோகோவைப் பார்த்திருப்பீங்க. அதுதான் அல் ஜஸீரா.

1996 நவம்பரில் தோஹாவில் தொடங்கியபோது, தினமும் 6 மணி நேரம்தான் ஒளிபரப்பு. அதே வருஷம் பிபிசி-யின் அரபு டிவி மூடப்பட, வேலையிழந்த பலர் இங்கே சேர்ந்தாங்க. ஆள் ரெடி. கத்தார் அமீர் கொடுத்த பணமும் ரெடி!

பொதுவா, சின்ன ஊடகங்கள் வெளிநாட்டுச் செய்திக்கு என்ன செய்யும்? ராய்ட்டர்ஸ், ஏ.பி., ஏ.எஃப்.பி மாதிரியான ஏஜென்சிகளுக்குச் சந்தா கட்டி, வர்றதை மொழிபெயர்த்துப் போடும். செலவு கம்மி. ஆனா, எதைப் பார்க்கணும்னு முடிவு பண்றது வேற யாரோ.

அல் ஜஸீரா தன் ஆட்களையே அனுப்பியது. தாலிபன் ஆட்சியில் இருந்த காபூலிலும் அலுவலகம் போட்டது. 'அங்கே என்ன செய்தி இருக்கு?' என்று அப்போது பலருக்கும் தோன்றியிருக்கும். 2001 அக்டோபரில் அமெரிக்கா குண்டு வீசத் தொடங்கியதும், காபூலுக்குள்ளிருந்து அது காட்டிய காட்சிகளை சி.என்.என்-னே வாங்கி ஒளிபரப்பியது.

ஆனா, கொடுத்த விலை பெருசு. அடுத்த மாதமே அந்த அலுவலகம் அமெரிக்கக் குண்டில் நொறுங்கியது. 2003 ஏப்ரல் 8 அன்று, பாக்தாத் அலுவலகத்தின் மீதான அமெரிக்கத் தாக்குதலில் செய்தியாளர் தாரிக் அய்யூப் கொல்லப்பட்டார்.

2006-ல் ஆங்கிலச் சேனலும் வந்தாச்சு. பணம் மட்டும் இன்னும் கத்தார் அரசுடையதுதான். ஊர் உலகத்தையெல்லாம் கேள்வி கேட்கிற சேனல், சொந்த வீட்டு விஷயத்தில் அடக்கிவாசிக்கிறது என்ற விமர்சனமும் கூடவே வருது.