தெருவுக்கு வந்திருக்கும் சபை

கோவையில் வாழ்வோர் ‘டவுன்ஹால்’ என்னும் பெயரை நாள்தோறும் உச்சரிக்கின்றனர். பேருந்து நடத்துநர் அப்பெயரைக் கூவுகிறார். பெரிய கடை வீதிக்கும் ஒப்பணக்கார வீதிக்கும் செல்வோர் அங்கே இறங்குகின்றனர். கோட்டைமேட்டு மக்களுக்கோ அது நடந்தே சென்றுவிடும் தொலைவு. ஆயினும், அப்பெயருக்குரிய கட்டடத்தின் வரலாற்றை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

1892-இல் எழுந்த விக்டோரியா மண்டபமே அந்த டவுன்ஹால். அது உருவாக முன்னின்று உழைத்தவர் பத்திரிகையாளர் சே.ப. நரசிம்மலு நாயுடு. மேற்கு மலையில் பாயும் சிறுவாணி நீரைக் கோவைக்குக் கொண்டுவரலாம் என்னும் யோசனையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பொதுமக்கள் முன் எடுத்துரைத்தவரும் அவரே. அன்று அதைக் கேட்டுச் சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர் 1922-இல் மறைந்தார். சிறுவாணி நீர் நகரை வந்தடைந்தது 1920களின் இறுதியில். அத்திட்டம் நிறைவேறப் பாடுபட்ட நகராட்சித் தலைவர் சி.எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத்தான் இன்று ஆர்.எஸ். புரம் தாங்கி நிற்கிறது.

வாசக அன்பர்களே, நம் வீட்டுக் குழாயில் வரும் நீரின் கதை இதுதான். முதலில் ஒருவர் பொதுவில் பேசினார். பிறகு பலர் பேசினர். பேசியவர் மறைந்த பின்னரும் பேச்சு நின்றுவிடவில்லை. ஊர்ப் பொதுக் காரியத்தில் சொல்லுக்கு இருக்கும் வலிமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறு வேண்டுமா?

மன்றம் இல்லாத ஆண்டுகள்

1866-இல் நகராட்சியாகத் தொடங்கிய கோவை, 1981-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. 2011-இல் குனியமுத்தூர், குறிச்சி, கவுண்டம்பாளையம் முதலிய சுற்றுப்புற ஊர்களும் இணைக்கப்பட்டு நூறு வார்டுகள் கொண்ட பெருநகராயிற்று. ஆனால் 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பின்னர், உரிய காலத்தில் தேர்தல் நடைபெறவில்லை. 2022 பிப்ரவரியில்தான் மக்கள் மீண்டும் வாக்களித்தனர். இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கும் மேலான காலத்தில், நம் வார்டுக்கென்று பேச மன்றத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை.

அந்த இடைவெளியில் நகரத்தின் வேலைகள் நின்றுவிட்டனவா? இல்லை. பழைய நகரின் அறுபது வார்டுகளுக்கு இருபத்து நான்கு மணி நேரமும் குடிநீர் வழங்கும் பொறுப்பை, சூயஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்திற்கு 26 ஆண்டுகளுக்கு அளிக்கும் ஒப்பந்தம் 2018-இல் கையெழுத்தாயிற்று. அத்திட்டம் நன்றா, தீதா என்று தீர்ப்புக் கூறுவது இங்கே நம் நோக்கமன்று. கால் நூற்றாண்டுக்கும் மேலாக நம் பிள்ளைகளின் குடிநீரைத் தீர்மானிக்கும் ஓர் ஏற்பாடு கையெழுத்தான நாளில், அதைக் குறித்துக் கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவரும் பதவியில் இல்லை என்பதை மட்டும் சிந்தித்துப் பாருங்கள். நாம் பேசாதிருந்தாலும் முடிவுகள் எடுக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கும்.

சட்டம் தந்த வாய்ப்பு

1992-இல் நிறைவேறி, 1993 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்று கூறியது. கிராமத்தார் தங்கள் ஊரில் கிராம சபை கூடிப் பேசிக்கொண்டிருந்த ஆண்டுகளில், நகரத்தாருக்கு அத்தகைய இடம் கிட்டவில்லை. தமிழக அரசு 2022-இல் வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகளை வெளியிட்ட பின்னரே நகரத்துத் தெருக்களுக்கும் அது வந்து சேர்ந்தது.

ஏற்பாடு எளிதானதே. ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் அப்பகுதி சபையைச் சேர்ந்தவர்களே. ஆண், பெண், செல்வர், ஏழை, சொந்த வீட்டுக்காரர், வாடகைக்குக் குடியிருப்போர் என்ற பாகுபாடு அங்கில்லை. பகுதிக்கு ஒருவர் வீதம் நியமிக்கப்படும் உறுப்பினர்கள், வார்டு கவுன்சிலரின் தலைமையில் வார்டு குழுவாக அமர்கின்றனர். தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, குடிநீர், பொதுக் கழிப்பிடம் ஆகியவற்றில் எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று சொல்லும் இடம் இது.

குறைகள் இல்லாமல் இல்லை. பகுதி உறுப்பினரை நியமிப்பவர் மக்கள் அல்லர், மாமன்றமே நியமிக்கிறது. கூட்ட நாள் பலருக்குத் தெரிவதும் இல்லை. ஆனால் வருவோர் இல்லாத சபையைக் கூட்டுவதில் எந்த அதிகாரிக்கும் ஆர்வம் பிறக்காது. நாள் எது என்று கவுன்சிலரிடம் முன்கூட்டியே கேட்கும் நால்வர் ஒரு தெருவில் இருந்தால், அடுத்த கூட்டம் அவர்களுக்குத் தெரியாமல் நடந்துவிட முடியாது.

மனுவும் தீர்மானமும்

“திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறோமே, அது போதாதா?” என்று நீங்கள் வினவலாம். மனுவும் தேவைதான். ஆனால் மனு என்பது தனி ஒருவரின் விண்ணப்பம். அதை வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் மட்டுமே அது தெரியும். சபையில் எழுந்து சொல்லும் சொல்லை அண்டை வீட்டார் அனைவரும் கேட்கின்றனர். “எங்கள் வாசலிலும் அதே நிலைதான்” என்று இன்னொருவர் எழுகிறார். கருத்து தீர்மானமாகிப் பதிவேட்டில் ஏறுகிறது. பதிவேட்டில் ஏறியது நடந்ததா என்று அடுத்த கூட்டத்தில் கேட்கலாம். பதில் வாராவிடின், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் அதன் நகலைக் கேட்டுப் பெறலாம்.

இம்முறை நமக்குப் புதிதன்று. நம் மஹல்லாக்களில் ஜமாஅத் கூட்டம் நடக்கிறது. வரவு செலவு வாசிக்கப்படுகிறது. மிகச் சாதாரணத் தொழிலாளியும் எழுந்து, “இந்தச் செலவுக்கு ரசீது எங்கே?” என்று கேட்கிறார். அவரை யாரும் ஏளனம் செய்வதில்லை. மஷ்வராவின் சிறப்பைப் பற்றி நாம் நிரம்பப் பேசுகிறோம். அந்தப் பழக்கத்தைப் பள்ளிவாசலின் வாசற்படியோடு நிறுத்திவிட்டு, தெருச் சாக்கடைக்கு மட்டும் யாரோ ஒருவர் பேசட்டும் என்று இருப்பது எவ்வகையில் பொருந்தும்?

1997, 1998 ஆண்டுகளின் துயரங்களுக்குப் பின்னர், ஒதுங்கி இருப்பதே பாதுகாப்பு என்று எண்ணிய குடும்பங்கள் கோவையில் உண்டு. அவ்வெண்ணத்தின் காரணம் விளங்காததன்று. எனினும் ஒதுங்கியவரின் தெருவுக்கு விளக்கு தானாக வந்ததில்லை. சாக்கடை யாருடைய வீடு என்று பார்த்து அடைத்துக்கொள்வதில்லை. வெள்ளலூர் குப்பைக் கிடங்கில் தீப்பற்றும்போது எழும் புகையும் பெயர் கேட்டுப் பரவுவதில்லை. அடைத்த சாக்கடைக்காகப் பிற சமுதாயத்து அண்டை வீட்டாருடன் ஒரே பாயில் அமர்ந்து பேசும் ஒரு மணி நேரம், சாக்கடையை மட்டுமல்லாது மனங்களில் தேங்கியதையும் சிறிது நகர்த்தும்.

இல்லத்தரசிகளின் இடம்

இவ்விடத்தில் தாய்மார்களிடம் தனியே ஒரு சொல். எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, எந்நேரம் நிற்கிறது, எத்தனை குடம் கலங்கலாக வந்தது என்னும் கணக்கு எந்தப் பொறியாளரிடமும் இல்லை, உங்களிடமே உண்டு. பகுதி சபைக்குத் தேவையான சான்று அதுவே. 2022 தேர்தலில் நகர்ப்புற உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டது. கோவையின் மேயர் பதவிக்கு வந்தவரும் ஒரு பெண். 2024-இல் அவருக்குப் பின் வந்தவரும் பெண்ணே. எனவே, “இது ஆண்கள் காரியம்” என்று ஒதுங்க இனிக் காரணமில்லை. ஒரு மாதக் குடிநீர்க் கணக்கை நாட்காட்டித் தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். தேதியோடு கூடிய அந்தத் தாளுக்கு மறுமொழி சொல்லாமல் தட்டிக்கழிப்பது எளிதன்று.

பேசாமையின் விலை

பேச வேண்டிய காலத்தில் பேசாதிருந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் கொங்கு மண்ணிலேயே ஒரு பாடம் இருக்கிறது. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென எழுந்த அணை 1992-இல் பயன்பாட்டுக்கு வந்தது. திருப்பூரின் சாயக்கழிவு அதில் வந்து தேங்கியது. கீழே இருந்த உழவர்களின் கிணறும் வயலும் கெட்டன. மேலே தொழில் செய்வோரும் கீழே பயிர் செய்வோரும் சமமாக அமர்ந்து பேசுவதற்கு ஒரு நிலையான அவை இருந்திருக்குமாயின், கழிவு அணையை அடையும் முன்னரே வழி பிறந்திருக்கக்கூடும். அவ்வாறு நிகழாமல் வழக்கு நீதிமன்றம் சென்றது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. உழவர் முன்னரே நிலத்தின் வளத்தை இழந்திருந்தனர்; பட்டறைகளை நம்பியிருந்த தொழிலாளர் குடும்பங்கள் ஒரே நாளில் வேலை இழந்து நின்றன. நீதிமன்றம் இறுதிக் கதவு. முதற் கதவையே தட்டாதவர்களுக்கு அதன் தீர்ப்பு கடுமையாகத்தான் வரும்.

உங்கள் மனை எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று அறிவீர்களா? குடியிருப்புப் பகுதியா, வணிகப் பகுதியா, தொழிற் பகுதியா என்பதை நகரின் முழுமைத் திட்டம் நிர்ணயிக்கிறது. 1994-ஆம் ஆண்டுத் திட்டத்திற்குப் பின், புதிய திட்டத்தின் வரைவு 2024-இல் மக்கள் கருத்துக்கென வெளியிடப்பட்டது. இத்தகைய வரைவை உரிய நாளுக்குள் பார்த்தவர் ஆட்சேபம் எழுதலாம். பார்க்காதவர், மகளின் திருமணத்துக்காக மனையை விற்கப் போகும் நாளில், அல்லது வீடு கட்ட அனுமதி கேட்கும் நாளில்தான் விவரம் அறிவார்.

ஆகவே அன்பர்களே, இந்த இதழை மூடிவைத்த பின் மூன்று காரியங்கள் செய்யுங்கள். உங்கள் வார்டு எண்ணையும் பகுதியையும் அறிந்துகொள்ளுங்கள். அடுத்த பகுதி சபை நடக்கும் நாளைக் கவுன்சிலரிடம் கேட்டு, ஜும்ஆவுக்குப் பின் நான்கு பேரிடம் சொல்லுங்கள். ஒரே ஒரு குறையைத் தெருப் பெயர், தேதி ஆகியவற்றோடு எழுதி, அண்டை வீட்டார் கையொப்பத்துடன் எடுத்துச் செல்லுங்கள். பத்துக் குறைகளைக் கோபத்தோடு அடுக்குவதைவிட, ஒன்றை நிதானமாகச் சொல்லி, அது பதிவேட்டில் எழுதப்படும் வரை அமர்ந்திருப்பது மேல். இன்ஷா அல்லாஹ், அந்த ஒன்று நடந்துவிட்டால் அடுத்த கூட்டத்திற்கு உங்கள் தெருவே திரண்டு வரும்.