தோட்டவெளியில் ஒரு பள்ளிக்கூடம் வேண்டுமென்றால்

மன்னார் நகரத்திலிருந்து பேசாலைக்குப் போகும் வழியில் இருக்கிறது தோட்டவெளி. ஏ14 வீதியும் தலைமன்னார் ரயில் பாதையும் இந்தப் பக்கமாகத்தான் போகின்றன. மன்னார்த் தீவில் இப்படியான ஓர் ஊரில் புதுக் குடியிருப்பு ஒன்று எழுந்ததும், கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் யாராவது ஒரு தாய் எழுந்து, "சின்னப் பிள்ளைகளுக்கு இங்கேயே ஒரு பள்ளிக்கூடம் வேணும்" என்பார். நியாயமான கோரிக்கை. எல்லோரும் கையொப்பமிடுவார்கள், கடிதம் போகும். அந்தக் கடிதம் யாருடைய மேசைக்குப் போகிறது, அங்கே என்ன பார்க்கப்படுகிறது, காசு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் கடிதத்தையே வேறு விதமாக எழுதலாம். அதற்காகவே இந்த விளக்கம்.

முதலில், யாரிடம் கேட்பது? 1987இல் வந்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு தேசிய பாடசாலைகள் மட்டுமே கொழும்புக் கல்வி அமைச்சின் நேரடிப் பொறுப்பில் இருக்கின்றன. மற்ற அரச பாடசாலைகள் எல்லாம் மாகாணத்துக்கு உரியவை. பாடத்திட்டமும் இலவசப் பாடநூலும் மத்தியிலிருந்து வரும். கட்டடம், ஆசிரியர் நியமனம், அன்றாட நிருவாகம் ஆகியவற்றை மாகாணம் பார்க்கும். ஆகவே தோட்டவெளியில் ஓர் ஆரம்பப் பாடசாலை பிறந்தால் அது வட மாகாணப் பாடசாலையாகத்தான் பிறக்கும். கோட்டக் கல்விப் பணிப்பாளர், மன்னார் வலயக் கல்விப் பணிப்பாளர், மாகாணக் கல்வித் திணைக்களம், மாகாணக் கல்வி அமைச்சின் செயலாளர் என்று கோரிக்கை படிப்படியாக ஏற வேண்டும். 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் நிருவாகம் ஆளுநரின் கீழ் நடக்கிறது. ஊருக்காக வாதாட மாகாண சபை உறுப்பினர் இல்லாத இந்தக் காலத்தில், பேச வேண்டியது கோப்பில் உள்ள ஆவணங்கள்தான்.

அந்தக் கோப்பைத் திறக்கும் அதிகாரி முதலில் தேடுவது பிள்ளைகளின் எண்ணிக்கையை. இதில் ஊர்கள் பெரும்பாலும் சறுக்குகின்றன. "எங்கள் ஊரில் நிறையப் பிள்ளைகள்" என்று எழுதினால் அவரால் எதுவும் செய்ய முடியாது. நாட்டின் நிலைமை அப்படி. இலங்கையில் பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அரச பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் மூன்றிலொரு பங்குக்குக் கிட்டியவற்றில் 100 பிள்ளைகள்கூட இல்லை. பிறப்புகளும் குறைந்து வருகின்றன. 2012இல் மூன்றரை இலட்சத்தைத் தாண்டியிருந்தவை 2024இல் ஏறத்தாழ 2,20,000 ஆகிவிட்டன. சிறிய பாடசாலைகளை இணைக்கலாமா, மூடலாமா என்ற பேச்சு நடக்கும் நேரத்தில் புதிதாக ஒன்று கேட்பவர், பெற்றோரின் ஆசைக்கு மேலாக ஒரு கணக்கைக் காட்டியாக வேண்டும்.

அந்தக் கணக்கு ஊருக்குள்ளேயே கிடக்கிறது. வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் ஒரு பதிவேடு இருக்கும். கர்ப்பிணித் தாய்மார், பிறந்த குழந்தைகள், தடுப்பூசி போட்ட பிள்ளைகள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். ஜனவரி 31க்குள் ஐந்து வயது நிறையும் பிள்ளைகள்தாம் அந்த ஆண்டு முதலாம் தரத்துக்கு வருவார்கள் என்பதால், இன்று பிறந்திருக்கும் குழந்தையைப் பார்த்து ஐந்தாண்டுக்குப் பிந்திய வகுப்பறையைக் கணக்கிடலாம். கிராம அலுவலரின் குடும்ப விவரத்தையும் முன்பள்ளியின் பெயர்ப்பட்டியலையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எண் உறுதியாகும். பெயர்களை வெளியே தர மாட்டார்கள், தரவும் கூடாது. ஆண்டுவாரியான எண்ணிக்கை போதும்.

கணக்கு எப்படி ஓடும் என்று ஓர் உதாரணம். ஒரு குடியிருப்பில் ஆண்டுக்கு 20 பிள்ளைகள் ஐந்து வயதை அடைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து தரங்களுக்கும் சேர்த்து 100 பிள்ளைகள். அவர்களில் கால்வாசிப் பேரைப் பெற்றோர் மன்னார் நகரத்துக்கு அனுப்பிவிட்டால் மிஞ்சுவது 75. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்து நகரப் பள்ளியைத் தேடும் பழக்கம் தீவு முழுக்க இருக்கிறது. கூட்டத்தில் கைதூக்கியவர்களில் எத்தனை பேர் தம் பிள்ளையை உண்மையிலேயே இந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள் என்பதை ஊர் தனக்குள் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சேர்க்காத பெற்றோரின் கையொப்பத்தால் கட்டப்படும் பள்ளி பத்தாண்டில் வெறுமையாகும். அந்த வெறுமைக்குள் அகப்படுவது வேறு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள்.

அடுத்த கேள்வி, பக்கத்தில் ஏற்கெனவே பாடசாலை இருக்கிறதா? இருந்தால் அதிகாரியின் முதல் யோசனை அதற்கே இன்னுமொரு கட்டடம் கொடுப்பதாகத்தான் இருக்கும். பல நேரங்களில் அதுவே சரியான முடிவும்கூட. தூரத்தைப் பொறுத்தவரை, இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தையொட்டிய விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை நடந்து போகும் தூரம் ஒரு கிலோமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. தூரம் முக்கியம்தான். ஆனால் அந்தத் தூரத்தில் என்ன குறுக்கிடுகிறது என்பது அதைவிட முக்கியம். 2021 மார்ச் 16ஆம் திகதி தலைமன்னாரில், பாதுகாப்பற்ற ரயில் கடவையில் பஸ்ஸும் ரயிலும் மோதியதில் பாடசாலைப் பிள்ளை ஒருவர் உயிரிழந்தார், பலர் காயப்பட்டனர். ஆறு வயதுப் பிள்ளை தண்டவாளத்தையும் பிரதான வீதியையும் கடந்தே பள்ளிக்குப் போக வேண்டியிருக்கிறது என்றால், எழுநூறு மீற்றரும் பெருந்தூரம். கோரிக்கைக் கடிதத்தில் ஒரு கைவரைபடம் இணைத்து, குடியிருப்பையும் கடவையையும் இப்போதுள்ள பாடசாலையையும் குறித்துக் காட்டுவது பத்துப் பக்க வேண்டுகோளைவிடப் பலன் தரும்.

காணி விடயம் தீவில் எளிதல்ல. அரச காணி என்றால் பிரதேச செயலாளர் ஊடாக விடுவிக்க வேண்டும். தனியாரோ ஆலயமோ தருவதென்றால் உறுதி எழுதிக் கையளிக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி அரசு ஒரு கல்லும் வைக்காது. கட்டாயமாகச் சுவீகரிப்பதானால் 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் இருக்கிறது, ஆனால் அது நீண்ட பயணம். கடலின் சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரையான நிலம் கரையோர வலயத்துக்குள் வரும். அங்கே கட்டக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவை. இவற்றுக்கு மேலாக ஒரு விடயத்தை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டே அறிய வேண்டும்: மார்கழி மழையில் அந்தக் காணியில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது? தீவு தாழ்வானது. கோடையில் வெண்மணலாகக் கிடக்கும் துண்டு, வாடைக்காற்று மழையில் குளமாகலாம். கோடையில் அளக்கும் நில அளவையாளருக்கு அது தெரியாது. நல்ல தண்ணீரும் அப்படித்தான். மணலுக்குள் மழைநீர் மெல்லிய படையாகத் தங்கி நிற்கிறது, அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். கிணறு எங்கே, மலசலகூடக் குழி எங்கே என்பதைக் கட்டட வரைபடத்துக்கு முன்பே தீர்மானிக்க வேண்டும்.

இனிப் பணம். ஒரு காலத்தில் இந்தக் கரையோரத்தில் பள்ளிகளை நடத்தியவை பெரும்பாலும் மிஷன்கள். அரசு உதவி நன்கொடை தந்தது, கட்டடமும் முகாமையும் திருச்சபையுடையவை. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறின. மன்னாரில் பல பெயர்ப்பலகைகளில் "றோ.க.த.க." என்று இன்றும் நிற்பது அந்த உரோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் காலத்தின் அடையாளம். அன்றிலிருந்து செலவு முழுவதும் பொதுப் பணம்.

அந்தப் பொதுப் பணம் இரண்டு வாய்க்கால்களில் வருகிறது. இந்த வேறுபாடு புரிந்தால் பாதி விடயம் புரிந்ததுபோல. மாகாணங்களுக்கு எவ்வளவு என்று நிதி ஆணைக்குழு விதந்துரைக்கிறது. அதில் தொகுதிக் கொடை என்பது மீண்டுவரும் செலவுக்கு, முக்கியமாகச் சம்பளத்துக்கு. கட்டடம், தளபாடம் போன்ற மூலதனச் செலவுக்கு மாகாணத்துக்கெனக் குறித்தொதுக்கும் அபிவிருத்தி நன்கொடை வருகிறது. இவற்றோடு மத்திய அமைச்சின் விசேட திட்டங்களும் உலக வங்கி போன்றவற்றின் கடன் திட்டங்களும் அவ்வப்போது சேரும். நாடாளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் ஒரு வேலியோ நீர்த்தாங்கியோ கிடைக்கலாம், முழுப் பள்ளிக்கூடம் கிடைக்காது.

மூலதன நிதி ஆண்டுக் கணக்கில் ஓடுவது. ஜனவரியில் ஒதுக்கீடு வரும், மதிப்பீடு தயாராகிக் கேள்விப்பத்திரம் கோரி ஒப்பந்தகாரர் வேலை தொடங்கும்போது ஆண்டின் பாதி கழிந்திருக்கும். திறைசேரியிலிருந்து கட்டுநிதி பிந்தினால் வேலை நிற்கும். டிசம்பர் 31உடன் அந்த ஆண்டின் ஒதுக்கீடு முடிந்துவிடும், மிச்ச வேலை தொடர்வேலையாக அடுத்த ஆண்டுத் திட்டத்தில் மறுபடி இடம் தேட வேண்டும். 2022 நெருக்கடியில், தொடங்காத புதிய கட்டட வேலைகளை நிறுத்தி வைக்கும்படி திறைசேரியே பணித்தது. தீவில் இப்படி நின்ற கட்டடத்தின் நிலையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். தூண் தலையில் நீட்டி நிற்கும் கம்பிகள் உப்புக் காற்றில் செதில் செதிலாகத் துருவேறி, விரலால் தேய்த்தால் செம்மண்ணாக உதிரும். மறுபடி வேலை தொடங்கும்போது அந்தக் கம்பியை நம்பி மேலே கொங்கிறீற் போட எந்தப் பொறியியலாளரும் ஒப்பக் கூடாது. ஆகவே பெரிய மாடிக் கட்டடத்தைக் கேட்டு அரைவாசியில் நிற்பதைவிட, ஓர் ஆண்டு ஒதுக்கீட்டுக்குள் கூரை வரை முடியும் இரண்டு மூன்று வகுப்பறைகளைக் கேட்பது எவ்வளவோ மேல். முதலாம் தரத்தோடு தொடங்கி ஆண்டுக்கு ஒரு தரமாக வளரும் ஆரம்பப் பாடசாலைக்கு முதல் நாளிலேயே ஐந்து வகுப்பறை தேவையில்லை.

என் கருத்தில் இந்த விடயத்தின் கனமான பகுதி கட்டடம் அல்ல. கட்டடத்துக்கு ஒருமுறை காசு போதும். ஆசிரியருக்கோ மாதாமாதம், ஆண்டாண்டாக, பள்ளி இருக்கும் காலமெல்லாம் வேண்டும். ஒரு தரத்தில் எட்டுப் பிள்ளைகள் இருந்தாலும் வகுப்பாசிரியர் ஒருவர் வேண்டும். ஆரம்பக் கல்வி பயின்ற ஆசிரியர் வேண்டும், அதிபர் வேண்டும், ஆங்கிலத்துக்கு ஒருவர் வேண்டும். பெரும்பாலும் கல்வியியற் கல்லூரிகளிலிருந்து வரும் நியமனங்களில் எத்தனை பேர் தீவுக்கு வருவார்கள், வந்தவர் எத்தனை ஆண்டு தங்குவார் என்ற கேள்வி வலய அலுவலகத்தில் ஒவ்வோர் ஆண்டும் எழுவது. புதிய பாடசாலைக்கான ஆளணி அனுமதி கோப்பில் இல்லாமல் அத்திவாரக் கல் நடப்பட்டால், பக்கத்துப் பாடசாலையிலிருந்து ஓர் ஆசிரியரைப் பிடுங்கி இங்கே நடுவார்கள். இரண்டு பள்ளிகளும் நொண்டும்.

புலம்பெயர்ந்த உறவுகளிடமிருந்து பணம் வருவது வடக்கில் புதிதல்ல. அது வரவேண்டியதுதான். ஆனால் அன்பளிப்புக் கட்டடமானாலும் திணைக்களத்தின் முன் அனுமதியும் அங்கீகரித்த வரைபடமும் வேண்டும், முடிந்தபின் முறைப்படி கையளித்துப் பொருட்பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் கூரை ஒழுகும் நாளில் அதைத் திருத்த அரசுக்குப் பொறுப்பே இல்லாமல் போகும். நன்கொடையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெயர்க்கல் பதிக்கும் கட்டடத்தைவிட, தண்ணீர், மலசலகூடம், வீதிக்கடவைப் பாதுகாப்பு, தூரத்து ஆசிரியருக்கு ஒரு விடுதி ஆகியவற்றுக்குக் கொடுங்கள். அரச ஒதுக்கீடு பிந்தி எட்டும் இடங்கள் இவை. தொண்டர் ஆசிரியருக்குக் கொடுப்பனவு தருவதாகத் தொடங்கினால், எத்தனை ஆண்டுக்கு என்று எழுத்தில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்த ஆண்டுக்கான மாகாணத் திட்டங்கள் முந்திய ஆண்டின் நடுப்பகுதியிலேயே உருவெடுக்கத் தொடங்கிவிடும், கார்த்திகையில் கொடுக்கும் கடிதத்துக்கு அடுத்த ஆண்டில் இடமிருக்காது. ஆகவே தைப்பொங்கல் கழிந்ததும் கூடுங்கள். குடும்பநல உத்தியோகத்தரையும் கிராம அலுவலரையும் அதே கூட்டத்துக்கு அழையுங்கள். ஆண்டுவாரியான பிள்ளைக் கணக்கு, காணி ஆவணம், கைவரைபடம் ஆகிய மூன்றையும் ஒரே கோப்பில் கட்டி, சித்திரைக்கு முன் கோட்டக் கல்வி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் திகதியிட்ட கையொப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.