தாத்தாவின் இசைத்தட்டுகளை என்ன செய்வது?

வீவக வீட்டைக் காலி செய்யும்போது கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி இசைத்தட்டுகள் கிடைக்கின்றன. கேட்கக் கருவி இல்லை. காராங்கூனிக்காரரிடம் கொடுத்துவிடலாமா?

சற்றுப் பொறுங்கள். முதலில் தட்டின் வேகத்தைப் பாருங்கள். 78 என்றிருந்தால் பெரும்பாலும் அரக்கில் செய்தது. கனமானது, கைதவறினால் உடைந்துவிடும். 33⅓ என்றால் 1948இல் அறிமுகமான வினைல் வகை. எளிதில் உடையாது, வெயில் பட்டால் நெளிந்துவிடும்.

பழையதெல்லாம் விலைபோகும் என்பது வீண் ஆசை. புகழ்பெற்ற திரைப்பாடல் தட்டுகள் ஏராளமாக அச்சானவை; கீறல் விழுந்திருந்தால் கேட்பாரில்லை. உள்ளூர்க் கலைஞர்களின் பாடல், நாடகம், சொற்பொழிவு என்றால் கதையே வேறு. வேறு பிரதி எங்கும் இல்லாமல் போயிருக்கலாம். நடுவிலுள்ள பெயர்ச்சீட்டைப் படமெடுங்கள். அதைச் சுற்றிப் பாட்டில்லாத வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் குறித்துக்கொண்டு நூலகத்தையோ ஆவணக் காப்பகத்தையோ கேளுங்கள்.

எங்கள் வீட்டில் கேட்கவில்லை. பாதியை எறிந்த பிறகுதான், மிஞ்சிய உறையொன்றில் பாட்டியின் பெயரைத் தாத்தா எழுதியிருந்ததைக் கண்டோம். எறிந்தவற்றில் என்ன எழுதியிருந்ததோ!

யாருக்குமே வேண்டாதவற்றையும் எரித்துவிடாதீர்கள். வினைல் என்பது பிவிசி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சுவாயு வெளிவரும். முடிவெடுக்கும்வரை, புத்தகங்களைப் போல நிற்கவைத்து அடுக்குங்கள்.