முன்சக்கரச் சாய்வுக் கோணம்

காரை முன்னால் நின்று பார்க்கும்போது, முன்சக்கரம் செங்குத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் கோணமே முன்சக்கரச் சாய்வுக் கோணம் ஆகும். பட்டறைகளில் இது கேம்பர் எனப்படுகிறது. சக்கரத்தின் மேற்பகுதி காரின் உட்பக்கமாகச் சாய்ந்திருந்தால் எதிர்ச் சாய்வு, வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தால் நேர்ச் சாய்வு, செங்குத்தாக நின்றால் சுழியச் சாய்வு என்பர்.

வீல் அலைன்மென்டில் பார்க்கப்படும் மூன்று முதன்மைக் கோணங்களில் இது ஒன்று. மற்றவை காஸ்டர், டோ ஆகியவை. காஸ்டர் என்பது சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு. டோ என்பது மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு.

எதிர்ச் சாய்வின் பயன்

கார் வளைவில் திரும்பும்போது அதன் உடல் வெளிப்பக்கமாகச் சரிகிறது. பெரும்பாலான செடான் கார்களின் முன்பக்கத்தில் உள்ள மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பில், உடலோடு சேர்ந்து வெளிச்சக்கரமும் சரியும். அப்போது டயரின் வெளிவிளிம்பு மட்டும் பாரத்தைத் தாங்க, உள்விளிம்பு சாலையை விட்டு எழ முயலும். முன்கூட்டியே சிறிது எதிர்ச் சாய்வு வைத்திருந்தால், வளைவில் அந்தச் சக்கரம் நிமிர்ந்து, டயர் முழு அகலத்திலும் தரையைப் பற்றும்.

இதன் மறுபக்கம் நேரான சாலையில் தெரியும். 200 மி.மீ. அகலமுள்ள டயர் 1 பாகை சாய்ந்தால், அதன் இரு விளிம்புகளுக்கும் இடையே ஏறத்தாழ 3.5 மி.மீ. உயர வேறுபாடு உண்டாகும். டயர் நெகிழ்ந்து இதை ஈடுசெய்தாலும், ஒரு விளிம்பு மற்றதைவிடக் கூடுதல் பாரம் ஏற்கும். சாய்வு மிகுந்தால் அந்த விளிம்பு சூடேறித் தேயும். பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் பிடிமானமும் குறையும். ஆகவே எல்லாக் காருக்கும் எல்லாச் சாலைக்கும் பொருந்தும் ஒரே கோணம் என்று எதுவும் இல்லை.

பந்தயத் தடமும் நெடுஞ்சாலையும்

தமிழ்நாட்டில் இந்த வேறுபாட்டை எளிதில் காணக்கூடிய இடம் சென்னைக்கு அருகே, 1990 முதல் இயங்கிவரும் இருங்காட்டுக்கோட்டை மோட்டார் பந்தயத் தடம் ஆகும். அங்கு ஓடும் டூரிங் கார்களில் முன்சக்கரங்கள் மேற்புறம் உள்ளே சாய்ந்து நிற்பது கண்ணுக்கே தெரியும். ஸ்ட்ரட் அமைப்புள்ள பந்தயக் கார்களில் எதிர் 2 முதல் 3 பாகை வரை வைப்பது வழக்கம். ஓடி வந்தவுடன் டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு ஆகிய மூன்று இடங்களிலும் வெப்பத்தை அளந்து, அதைக் கொண்டு அடுத்த ஓட்டத்துக்கான கோணத்தை முடிவு செய்வர். பந்தய டயர் சில ஓட்டங்களில் மாற்றப்படுவதால் தேய்மானம் அங்கே பெரிய கவலை அன்று.

மதுரை – தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் நிலை வேறு. அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியே செல்லும் இச்சாலையின் பெரும்பகுதி நேரானது. அரிதாக வரும் வளைவுக்காக வைத்த மிகைச் சாய்வு, நேரான சாலை முழுவதும் டயரின் உள்விளிம்பைத் தின்றுகொண்டிருக்கும். கோடையில் தார் கொதிக்கும் நேரத்தில், தேய்ந்து கம்பி தெரியும் உள்விளிம்போடு வேகமாகச் செல்வது டயர் வெடிப்பில் முடியலாம். இந்தத் தேய்மானம் வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது என்பதே இதன் பெரும் ஆபத்து. ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி வைத்து உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

நெடுஞ்சாலையை விட்டு ஊர்களுக்குள் இறங்கினால் கரிசல் மண். இது மழையில் உப்பி வெயிலில் சுருங்கி வெடிப்பதால், மேலே உள்ள சாலையும் அலைபோல் ஆகி ஓரம் சரிகிறது. பள்ளத்தில் வேகமாக இறங்கிய காரின் கீழ்க்கை அல்லது ஸ்ட்ரட் வளைந்தால் ஒரு பக்கச் சாய்வு மட்டும் மாறிவிடும். இரு பக்கங்களுக்கும் இடையே அரை பாகைக்கு மேல் வேறுபாடு இருந்தால், கார் நேர்ச் சாய்வு கூடுதலாக உள்ள பக்கம் இழுக்கத் தொடங்கும். அந்நிலையில் வளைந்த பாகத்தை மாற்றுவதே முறை. கோணத்தைத் திருகிச் சரிக்கட்டினால் பழுது மறைக்கப்படுமே தவிர நீங்காது.

மாற்றும் வழிகள்

பல கார்களில் முன்சக்கரச் சாய்வை மாற்றத் தொழிற்சாலையிலேயே வசதி வைக்கப்படுவதில்லை. இருக்கும் வழிகள் இவை:

ஸ்ட்ரட்டின் மேல்தளத்தை நகர்த்துதல்: பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் சென்னை ஆலை 2007 மார்ச்சில் தொடங்கப்பட்டபோது அங்கு பொருத்தப்பட்ட இ90 வகை 3 சீரிஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இக்காரின் ஸ்ட்ரட் மேல்தளத்தை மூன்று நட்டுகள் பிடித்திருக்கும். அதன் இடத்தைக் குறிக்க ஒரு சிறு முளையும் இருக்கும். முளையை எடுத்துவிட்டால், துளைகளில் உள்ள இடைவெளி அளவுக்கு மேல்தளத்தை உள்ளே தள்ளலாம். இதில் கிடைப்பது அதிகம் போனால் ஏறத்தாழ அரை பாகை.

மையம் விலகிய போல்ட்: ஸ்ட்ரட்டும் சக்கர நக்கிளும் இரண்டு போல்ட்டுகளால் இணைக்கப்பட்ட கார்களில், ஒன்றை மையம் விலகிய போல்ட்டாக மாற்றித் திருகினால் சக்கரம் சாயும். இ90 போல ஸ்ட்ரட் நக்கிளுக்குள் செருகி இறுக்கப்பட்ட கார்களுக்கு இது பொருந்தாது.

கேம்பர் பிளேட்: மேல்தளத்துக்குப் பதிலாகப் பொருத்தும் நகரும் தகடு. கூடுதல் மாற்றம் கிடைக்கும். ஆனால் ரப்பர் புஷ் இல்லாத வகைகளில் சாலையின் அதிர்வும் ஓசையும் காருக்குள் வரும். பந்தயத்துக்கே உரியது.

நகர்த்த வேண்டிய தூரம் மிகச் சிறியது. கீழ் மூட்டிலிருந்து மேல்தளம் வரை 600 மி.மீ. உயரம் எனக் கொண்டால், அரை பாகைக்கு வேண்டியது சுமார் 5 மி.மீ. மட்டுமே.

வேலையின் வரிசை

1. டயர் காற்றழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். பால் ஜாயின்ட், புஷ், வீல் பேரிங் ஆகியவற்றில் ஆட்டம் இருந்தால் முதலில் அவற்றை மாற்ற வேண்டும்.
2. நிறுவனம் குறிப்பிட்டிருந்தால் எரிபொருளும் இருக்கை எடையும் அதன்படி இருக்க வேண்டும். பாரத்தால் உடல் இறங்கினால் சாய்வும் மாறும்.
3. மாற்றுவதற்கு முன் இருந்த அளவுகளைத் தாளில் எடுத்துக்கொள்ள வேண்டும்.
4. காஸ்டர், கேம்பர், டோ என்ற வரிசையில் சரிசெய்ய வேண்டும்.
5. ஜாக்கியிலிருந்து இறக்கிய காரைச் சற்று முன்பின் உருட்டிய பிறகே மறுபடி அளக்க வேண்டும்.
6. ஒருமுறை கழற்றிய பூட்டு நட்டுகளுக்குப் பதில் புதியவற்றைப் போட்டு, குறித்த முறுக்கு விசையில் இறுக்க வேண்டும்.

டோவைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. சக்கரம் சாயும்போது டை ராடின் நீளம் மாறுவதில்லை. எனவே சக்கரம் சிறிது திரும்பிவிடும். டை ராடு அச்சுக்கு முன்னால் உள்ள கார்களில், எதிர்ச் சாய்வைக் கூட்டினால் சக்கரங்கள் பெரும்பாலும் வெளிநோக்கி விரியும். கேம்பரை மட்டும் மாற்றி டோவை விட்டுவிடுவதே டயர் விரைந்து அழியப் பொதுவான காரணம். எதிர்ச் சாய்வு தனியாக டயரை மெதுவாகத்தான் தேய்க்கும். வெளிவிரிவும் சேர்ந்தால் உள்விளிம்பு சாலையில் உரசிக்கொண்டே போகும்.

குண்டுநூலால் சரிபார்த்தல்

அலைன்மென்ட் எந்திரம் அருகில் இல்லாதபோது, கொத்தனாரின் குண்டுநூல் கொண்டு தோராயமாக அளக்கலாம். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, டயரின் வீக்கத்தைத் தொடாதபடி சக்கரத்தின் வெளிப்புறம் குண்டைத் தொங்கவிட வேண்டும். நூலிலிருந்து ரிம்மின் மேல்விளிம்பு, கீழ்விளிம்பு இரண்டுக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். மேல்தூரம் கூடுதலானால் எதிர்ச் சாய்வு.

எடுத்துக்காட்டாக, அளந்த இரு புள்ளிகளுக்கும் இடையே 450 மி.மீ. உயரமும், நூல் தூரங்களில் 4 மி.மீ. வேறுபாடும் இருந்தால், 4 ÷ 450 = 0.0089. இது ஏறத்தாழ அரை பாகை. ரிம் வளைந்திருந்தால் வரும் பிழையைத் தவிர்க்க, சக்கரத்தை அரைச்சுற்று உருட்டி மறுபடி அளந்து சராசரி காண வேண்டும். தரை மட்டமும் முக்கியம். இரு முன்சக்கரங்களுக்கும் இடையே 1,500 மி.மீ. அகலத்தில் தரை 13 மி.மீ. சரிந்திருந்தாலே அரை பாகைப் பிழை வந்துவிடும். இது ஐயத்தைத் தீர்க்கும் சோதனை மட்டுமே. இறுதி அளவுக்கு எந்திரமே வேண்டும்.

அளவுத் தாளைப் படித்தல்

சில எந்திரங்கள் பாகையும் கலையுமாகவும், சில பதின்மத்திலும் அளவைக் காட்டும். 1 பாகைக்கு 60 கலை. ஆகவே 30 கலை என்பது 0.50 பாகை, 0.30 பாகை என்பது 18 கலை மட்டுமே. நிறுவனம் தந்த எண்ணும் எந்திரம் காட்டும் எண்ணும் ஒரே முறையில் உள்ளனவா என்று பார்த்த பிறகே ஒப்பிட வேண்டும்.

அன்றாடப் பயணத்துக்கு நிறுவனம் தந்த எல்லைக்குள், இரு பக்கமும் சமமாக இருப்பதே ஏற்றது. மாற்றம் செய்த கார்களில் முதல் சில ஆயிரம் கி.மீ. வரை உள்விளிம்பை அடிக்கடி பார்த்துவர வேண்டும்.