தலைக்கணக்கும் தண்ணீர்க்கணக்கும்

பஞ்சாபில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் 1.6. பீகாரில் 3. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தரும் எண்கள் இவை. நிலத்தடி நீரைப் பார்த்தால் நிலைமை தலைகீழ். ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நீரில் பீகார் எடுப்பது பாதிக்கும் குறைவு என்கிறது மத்திய நிலத்தடி நீர் வாரியம். பஞ்சாப் எடுப்பதோ ஒன்றரை மடங்குக்கு மேல். ஜனம் பெருகினால் பூமி தாங்காது என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று காட்ட இந்த இரண்டு மாநிலங்கள் போதும்.

முதலில் ஜனம் பெருகும் கணக்கைப் பார்த்துவிடலாம். உலகில் 1960இல் 300 கோடிப் பேர் இருந்தார்கள். 1999இல் 600 கோடி. அதாவது 39 ஆண்டில் இரட்டிப்பு. 70ஐ ஆண்டு வளர்ச்சி வீதத்தால் வகுத்தால், இரட்டிப்பாக எத்தனை ஆண்டு பிடிக்கும் என்பது தோராயமாகக் கிடைத்துவிடும். 1960களில் வீதம் 2 சதவீதத்தைத் தொட்டுத் தாண்டியது. 2 என்றால் 35 ஆண்டு. இந்த வேகத்தில் மிரண்டுதான் அமெரிக்க உயிரியலாளர் பால் எர்லிக் 1968இல் 'மக்கள்தொகை வெடிகுண்டு' என்ற புத்தகத்தை எழுதினார். 1970களில் பல பத்துக் கோடிப் பேர் பட்டினியால் சாவார்கள் என்றார். புத்தகம் டெல்லித் தெரு நெரிசலில் தொடங்குவது தற்செயல் அல்ல. பயப்படுகிறவர்களின் விரல் அப்போதும் ஏழை நாட்டுத் தெருவைத்தான் காட்டியது.

அவர் சொன்ன பெரும்பஞ்சம் வரவில்லை. அதிகம் விளையும் குட்டை ரகக் கோதுமை வந்தது, ஐ.ஆர்.8 நெல் வந்தது, காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செய்த யூரியா மூட்டை மூட்டையாக வந்தது. பிறப்பும் குறைந்தது. உலக வளர்ச்சி வீதம் இன்று 1 சதவீதத்துக்கும் கீழே.

இந்தியாவிலும் அப்படித்தான். இரண்டு பெற்றோர் இருந்த இடத்தில் இரண்டு பேரை விட்டுச்செல்ல, சராசரியாக 2.1 குழந்தை போதும். இந்தியா 2.0க்கு வந்துவிட்டது, தமிழ்நாடு 1.8. பிறகு ஏன் இன்னும் தொகை ஏறுகிறது? ஒரு ஊரில் தாத்தா பாட்டி தலைமுறை 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 50 ஜோடி. ஜோடிக்கு நான்கு பிள்ளைகள் பிழைத்தால் அடுத்த தலைமுறை 200 பேர், 100 ஜோடி. ஊரில் மொத்தம் 300 பேர். இந்த 100 ஜோடியும் இரண்டோடு நிறுத்திக்கொண்டாலும் 200 குழந்தைகள் பிறக்கும். அதே காலத்தில் இறந்துபோகிறவர்கள் அந்த மூத்த 100 பேர்தான். ஊர் 400 ஆகிவிடும், யாரும் அதிகம் பெறாமலேயே. கடந்த தலைமுறை பெற்ற பிள்ளைகள் இப்போது பெற்றோர் ஆகும் வயதில் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எனவே இந்த ஏற்றம் கொஞ்ச காலம் நீடித்துத் தானாக நிற்கும். ஐ.நா.வின் 2024 மதிப்பீட்டின்படி இந்தியா 2060களின் தொடக்கத்தில் சுமார் 170 கோடியில் உச்சம் தொட்டு இறங்கும். உலகம் 2080களில் சுமார் 1,030 கோடியில். இந்தியாவில் பிறப்பு குறையச் சட்டமோ கட்டாயமோ வேண்டியிருக்கவில்லை. அவசரநிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அந்த அராஜகம் குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லையே வடக்கில் பல ஆண்டுகள் கெட்ட வார்த்தையாக்கியதுதான் மிச்சம். பெண் பிள்ளைகள் பள்ளியில் நீடித்ததும், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும் சாதித்தவை அதைவிட அதிகம்.

இப்போது பஞ்சாபுக்கு வருவோம். 1960இல் அங்கே நெல் விளைந்த நிலம் இரண்டேகால் லட்சம் ஹெக்டேர் இருக்கும். இன்று 30 லட்சத்துக்கு மேல். பஞ்சாபிகளின் அன்றாட உணவு கோதுமை ரொட்டி. நெல்லில் பெரும்பகுதியை அரசு கொள்முதல் செய்து பிற மாநில ரேஷன் கடைகளுக்கு அனுப்புகிறது. விற்குமா என்ற கவலை இல்லாத பயிர், பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம். எந்த விவசாயியும் இதைத்தான் செய்வார். ஒரு கிலோ அரிசிக்குச் சில ஆயிரம் லிட்டர் தண்ணீர் போகிறது. நீர்மட்டம் கீழே போகப் போக, மேலே இருந்து இழுக்கும் மோட்டார்கள் போய், ஆழத்தில் இறக்கும் சப்மர்சிபிள்கள் வந்தன. கடன் வாங்கி இறக்கினார்கள்.

நீரைக் காப்பாற்ற 2009இல் ஒரு சட்டம் போட்டார்கள்: கொளுத்தும் வெயிலில் நாற்று நடக்கூடாது, ஜூன் மாதத்தில் குறித்த தேதிக்குப் பிறகுதான் நடலாம். நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைப்புக்குச் சில வாரமே மிஞ்ச, வயலில் நின்ற நெல்தாளைக் கொளுத்தினார்கள். காற்று ஓய்ந்து குளிர் இறங்கும் நேரத்தில் அந்தப் புகை டெல்லிக்கு வந்து சேர்ந்தது. ஒரு எல்லையைத் தவிர்க்கப் போய் இன்னொன்றில் முட்டிக்கொண்ட கதை.

பூமியின் எல்லை எல்லா இடத்திலும் இப்படித்தான் வேலை செய்கிறது. எத்தனை பேர் என்பதை, ஆளுக்கு எவ்வளவு, எந்த முறையில் என்பவற்றோடு பெருக்கியாக வேண்டும். கரியமில வாயுவில் ஒரு அமெரிக்கரின் ஆண்டுப் பங்கு சுமார் 14 டன், இந்தியரின் பங்கு சுமார் 2 டன், நைஜீரியரின் பங்கு ஒரு டன்னுக்கும் குறைவு. ஆப்பிரிக்காவில் பெண் கல்வியும் கருத்தடை வசதியும் வேண்டும், அந்தப் பெண்களுக்காகவே வேண்டும். பருவநிலையைக் காப்பாற்றும் பொறுப்பை அவர்கள் தலையில் கட்டுவது அநியாயம்.

பீகாரில் நாளைக்கே பிறப்பு பாதியானாலும் பஞ்சாபின் நீர்மட்டம் ஒரு அடி ஏறாது. இரண்டு பிள்ளைச் சட்டம் கேட்பவர்கள் ஏறக்குறைய முடிந்துவிட்ட வேலைக்கு ஆள் தேடுகிறார்கள். மக்காச்சோளத்துக்கும் பருப்புக்கும் நெல்லைப் போலவே நிச்சயக் கொள்முதல் தருவதும், இலவச மின்சாரத்துக்குச் செலவாகும் பணத்தைத் தண்ணீர் மிச்சப்படுத்தும் விவசாயியின் கையில் கொடுப்பதும்தான் இன்று அவசரம்.