கால்பந்துப் பித்தும் காதலும்

2022-இல் கத்தார் நாட்டில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது, சில ஆட்டங்கள் நம் நேரப்படி நள்ளிரவு 12.30 மணிக்குத் தொடங்கின. முடியும்போது மணி இரண்டரை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் காலை ஷிப்டுக்குப் போகும் ரசிகர் ஒருவருக்கு மிஞ்சிய தூக்கம் எவ்வளவு? மறுநாள் அவர் வீட்டில் பேச்சு எப்படி இருந்திருக்கும்? நீங்களே ஊகிக்கலாம்.

எங்கோ யாரோ உதைக்கும் பந்து நம்மை ஏன் இப்படி ஆட்டிவைக்கிறது?

ரசிகர் "அவர்கள் ஜெயித்தார்கள்" என்று சொல்வதில்லை. "நாம் ஜெயித்தோம்" என்கிறார். உடலும் அதை நம்பிவிடுகிறது! 1994 உலகக் கோப்பையில் பிரேசிலும் இத்தாலியும் மோதியபோது, இரு தரப்பு ரசிகர்களின் உமிழ்நீரையும் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். வென்ற பிரேசிலின் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் கூடியது. தோற்ற இத்தாலியின் ரசிகர்களுக்குக் குறைந்தது. பந்தைத் தொடாதவர்களுக்கே இந்த மாற்றம்!

ஆட்டம் இழுபறியானால் அட்ரினலின் சுரக்கிறது, நாடி விரைகிறது. விசில் ஊதியதும் ஆட்டம் முடிந்துவிடும். படபடப்பு உடனே அடங்குவதில்லை. அதன் மிச்சம் யார் மேல் விழுகிறது? பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் மனைவி மேல்தான்.

இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியின் போலீஸ் பதிவுகளை 2002, 2006, 2010 உலகக் கோப்பைகளின்போது ஆராய்ந்தார்கள். இங்கிலாந்து தோற்ற நாட்களில் வீட்டு வன்முறைப் புகார்கள் 38 சதவீதம் கூடியிருந்தன. வென்ற அல்லது சமன் செய்த நாட்களிலும் 26 சதவீதம் அதிகம்! ஆகவே தோல்வியைச் சாக்காகச் சொல்ல முடியாது.

மான்செஸ்டர் பகுதியில் பின்னர் நடந்த ஆய்வு இன்னும் தெளிவானது. ஆட்டம் நடக்கும் நேரத்தில் வன்முறை சற்றுக் குறைந்தது. முடிந்த பின் மணிக்கு மணி கூடியது. அப்படிக் கூட்டியவர்கள் குடித்திருந்தவர்களே.

தூக்கக் கேடும் சேர்ந்துகொள்கிறது. கலிபோர்னியாவில் ஜோடிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், இருவரில் ஒருவர் சரியாகத் தூங்காவிட்டாலும் ஒருவர் மனத்தை மற்றவர் அறிவது கடினமாயிற்று, சச்சரவும் மிகுந்தது.

அப்படியானால் கால்பந்தையே விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். இரவு ஆட்டம் இருந்தால் மாலையிலேயே சற்று உறங்கிக்கொள்ளுங்கள். மதுவைத் தொடாதீர்கள். தோற்ற சூட்டில் வீட்டு விவகாரம் எதையும் பேச வேண்டாம். தூங்கி எழுந்து பேசலாம்.

அடுத்த பருவத்தில் உங்கள் அணி மீண்டும் ஆடும். மனம் புண்பட்டவருக்கு அப்படி மறு ஆட்டம் கிடையாது.