ஊரடங்கா, பயணக் கட்டுப்பாடா? எந்தச் சட்டத்தின் கீழ் நாம் வீட்டில் இருந்தோம்?

கொவிட்-19 தொற்றுக் காலத்தில் இலங்கையில் வாழ்ந்த எவருக்கும் ஒரு கேள்வி பழக்கப்பட்டிருக்கும்: "இன்றைக்கு வெளியில போகலாமா?" பக்கத்து வீட்டாரிடமும், கடைக்காரரிடமும், கிராம உத்தியோகத்தரிடமும் அதைக் கேட்டோம். ஆளுக்கொரு பதில் கிடைத்தது. மக்கள் செய்திகளைக் கவனிக்காததால் வந்த குழப்பம் அல்ல அது. விதிகள் அறிவிக்கப்பட்ட முறையே அப்படி இருந்தது.

மூன்று பெயர்கள்

2020 மார்ச் 20 மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. 2021 மே மாதம் மூன்றாவது அலையின்போது அதே வீடடங்கல் 'பயணக் கட்டுப்பாடு' என்ற பெயரில் வந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் 20 இரவு 10 மணிக்கு ஆரம்பித்தது 'தனிமைப்படுத்தல் ஊரடங்கு'. அது பல தடவைகள் நீடிக்கப்பட்டு ஒக்டோபர் 1 அதிகாலை 4 மணிக்கே நீக்கப்பட்டது.

வீட்டிற்குள் இருப்பவருக்கு மூன்றும் ஒன்றுதான். சட்டத்தின் பார்வையில் அப்படியல்ல. பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவின் கீழ் ஊரடங்கைப் பிறப்பிப்பதானால், ஜனாதிபதியின் கட்டளை வர்த்தமானியில் வெளிவர வேண்டும். 2020 மார்ச்சில் அத்தகைய கட்டளை வெளியிடப்படவில்லை என்பதைச் சட்டத்தரணிகள் பலர் அப்போதே சுட்டிக்காட்டினர். ஆயினும் ஊரடங்கை மீறியதாகக் கூறிப் பல்லாயிரக்கணக்கானோர் கைது செய்யப்பட்டார்கள்.

மற்றொன்று, 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். பிரித்தானியர் காலத்துச் சட்டம் இது. 2020 ஒக்டோபர் 15 அன்று இதன் கீழ் வெளியான ஒழுங்குவிதிகள் முகக்கவசம் அணிவதையும் ஒரு மீற்றர் இடைவெளியையும் கட்டாயமாக்கின. மீறினால் 10,000 ரூபா வரை தண்டப்பணமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம் என்றிருந்தது. இந்த விதிகள் எழுத்தில் இருந்தன. ஆனால் எந்த நேரம் வெளியே செல்லலாம், எந்தக் கடை திறக்கலாம், யாருக்கு அனுமதிப்பத்திரம் தேவை என்பவற்றைப் பெரும்பாலும் இராணுவத் தளபதியோ பொலிஸ் பேச்சாளரோ தொலைக்காட்சியில் சொல்லித்தான் அறிந்தோம். சொன்னதைக் கையில் எடுத்துச் சென்று காட்ட முடியாது. அதனால் வீதித்தடையில் நிற்கும் உத்தியோகத்தர் விளங்கிக்கொண்டதே அன்றைய சட்டமாக இருந்தது.

அடையாள அட்டையின் கடைசி இலக்கம்

தேசிய அடையாள அட்டை முறை இதற்கு நல்ல உதாரணம். 2020 மே மாதத்தில் கடைசி இலக்கம் 1 அல்லது 2 ஆனால் திங்கட்கிழமை, 3 அல்லது 4 ஆனால் செவ்வாய்க்கிழமை என்று வார நாட்கள் பங்கிடப்பட்டன. 2021 மே மாதத்தில் அது மாறியது. ஒற்றை இலக்கக்காரருக்கு ஒற்றைத் திகதி, இரட்டை இலக்கம் அல்லது பூச்சியம் உள்ளவருக்கு இரட்டைத் திகதி. பழைய அட்டையில் இலக்கங்களுக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அதற்கு முந்திய இலக்கத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பதையும் மக்கள் ஒருவரிடம் ஒருவர் கேட்டே அறிந்தார்கள்.

கூட்டத்தைக் குறைப்பதற்கு இது எளிய வழிதான். ஆனால் ஒரு குடும்பத்தின் தேவைகளைக் கடைசி இலக்கம் அறியாது. வயதான தாயின் மருந்தை வழமையாக வாங்கி வருபவர் மகனாக இருக்கலாம். மருந்து முடியும் நாள் அவருடைய நாளாக இல்லாவிட்டால் என்ன செய்வது?

மாகாண எல்லையும் அப்படித்தான். கொக்கிளாயும் புல்மோட்டையும் அடுத்தடுத்த ஊர்கள். ஒன்று வடக்கில், மற்றையது கிழக்கில். மாகாணங்களுக்கு இடையிலான பயணத் தடை வந்தபோது, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வருபவருக்கும் இந்த அயலூர்க்காரருக்கும் ஒரே விதிதான்.

அன்றாடம் உழைப்பவரின் கணக்கு

விதி மாறும்போது அதிகம் இழப்பவர் யார் என்பதை 2021 மே மாத இறுதி காட்டியது. ஜூன் 7 வரை நீடித்த கட்டுப்பாடு மே 25, மே 31, ஜூன் 4 ஆகிய நாட்களில் தளர்த்தப்படும் என்றும், வீட்டிற்கு ஒருவர் வாகனமின்றி அருகிலுள்ள கடைக்குச் சென்று வரலாம் என்றும் முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் மே 31, ஜூன் 4 தளர்வுகள் இரத்தாகின. கையில் பணம் இருந்தவர்கள் மே 25 அன்றே இரண்டு வாரத்திற்கான பொருட்களை வாங்கி வைத்திருந்தார்கள். நாட்கூலியில் வாழ்பவர் அடுத்த தளர்வு வரை போதுமான அரிசியும் பருப்பும்தான் வாங்கியிருப்பார். அவருக்கு அந்த இரத்து அறிவிப்பு வெறும் திகதி மாற்றம் அல்ல. தோட்டத்தில் மரக்கறி பழுத்து நின்ற விவசாயிக்கும் அதே நிலைதான். அந்த ஓகஸ்ட் முடக்கத்தில் வருமானம் இழந்த குடும்பங்களுக்கு அரசு அறிவித்த கொடுப்பனவு 2,000 ரூபா.

இப்படி இருந்தவர்கள்தான் 2021 செப்டெம்பர் 17ஆம் திகதி, ஊரடங்கு நடைமுறையில் இருக்கும்போதே, மதுபானக் கடைகள் திறக்கப்பட்டு நீண்ட வரிசைகள் நிற்பதைப் பார்த்தார்கள். அனுமதி கொடுத்தது யார் என்ற கேள்விக்கு அதிகாரிகள் தரப்பிலிருந்து ஒரே பதில் வரவில்லை. சவர்க்காரம் விற்கும் சிறு கடை பூட்டியிருக்க மதுக்கடை திறந்திருப்பதற்கான காரணத்தை எந்தச் சுகாதார வழிகாட்டியாலும் விளக்க முடியாது. ஒரு விதியில் நம்பிக்கை போனால் மற்ற விதிகளிலும் போய்விடும். முகக்கவசம் போன்ற அவசியமான விதிக்கும் அதனால் மதிப்புக் குறைகிறது.

அடுத்த முறைக்கு

தொற்றுக் காலத்தில் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவது தவறல்ல. விதிகள் நிலைமைக்கு ஏற்ப மாறத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு விதியும் நான்கு விடயங்களைச் சொல்ல வேண்டும்: எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது, எப்போது முடியும், யாருக்கு விலக்கு, விலக்கை எங்கே பெறுவது. இவை எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் வெளிவர வேண்டும். தமிழ் அரசகரும மொழி என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கும் நாட்டில் இது சலுகை அல்ல, உரிமை.

அடுத்த நெருக்கடி நோயாகவோ வெள்ளமாகவோ வேறெதுவாகவோ வரலாம். "வெளியில போகலாமா?" என்ற கேள்விக்கான பதிலை மக்கள் வீதித்தடையில் போய்த் தேடவேண்டிய நிலை அப்போதும் இருக்கக்கூடாது.